நீருக்குப் பழகிய கட்டை

தேக்கடி ஏரியில் படகு கிளம்பிய சில நிமிடங்களிலேயே, தண்ணீருக்கு மேல் மொட்டையாக நீட்டிக்கொண்டிருக்கும் கறுத்த மரக்கட்டைகள் கண்ணில் படும். அவற்றின் உச்சியில் நீர்க்காகங்கள் சிறகை விரித்து உலர்த்திக்கொண்டிருக்கும். 1895இல் பென்னிகுயிக் முல்லைப் பெரியாற்று அணையைக் கட்டி முடித்து, பள்ளத்தாக்கில் தண்ணீர் ஏறியபோது மூழ்கிப்போன காட்டின் மிச்சம் அது. நூறு ஆண்டுகளைத் தாண்டியும் நின்ற இடத்திலேயே நிற்கிறது. அதே மலைச்சரிவில் தரையில் சாய்ந்த ஒரு மரத்தைக் கறையானும் காளானும் வெகு சீக்கிரத்தில் மண்ணோடு மண்ணாக்கிவிடும்.

மரத்தின் திசுவில் ஏறக்குறைய பாதி செல்லுலோஸ். மீதியில் பெரும்பங்கு ஹெமிசெல்லுலோஸும் லிக்னினும். இவற்றில் லிக்னின்தான் மரத்துக்கு விறைப்பு தருவது. அதை உடைத்துத் தின்னும் திறமை முக்கியமாகச் சில காளான்களுக்கே வாய்த்திருக்கிறது. அந்த வேலைக்கு அவற்றுக்கு ஆக்சிஜன் தாராளமாக வேண்டும். நீர் நிறைந்த கட்டைக்குள் ஆக்சிஜன் போய்ச் சேர்வது அரிது. அங்கே பாக்டீரியாக்களும் மென்சிதைவுக் காளான்களும் மேற்பரப்பிலிருந்து மில்லிமீட்டர் கணக்கில் அரித்துக்கொண்டு போகும். முழுதாய் ஊறிய மரம் இப்படித்தான் நீண்ட ஆயுள் பெறுகிறது. ஆனால் அந்த நிலைக்கு வந்து சேர்வதற்குள் கட்டையிலிருந்து எவ்வளவோ வெளியேறியாக வேண்டும்: காற்று, சர்க்கரை, மாவுச்சத்து, சாயம், சில மரங்களில் நஞ்சும். ஆற்றில் விழுந்த மரத்தை வெள்ளமும் வெயிலும் பல ஆண்டுகள் மாறி மாறிக் கழுவுகின்றன. வீட்டுக் கூடத்தில் இருக்கும் ஐம்பது லிட்டர் மீன்தொட்டிக்கு அந்த வசதி கிடையாது. கட்டையிலிருந்து கசிவது எதுவானாலும் அந்த ஐம்பது லிட்டரிலேயே தங்கி, மீனின் செவுளைத் தொட்டுக்கொண்டே இருக்கும். மரக்கட்டையைத் தொட்டிக்குத் தயார் செய்வது என்றால், ஆறு செய்யும் வேலையைத் தொட்டிக்கு வெளியே செய்து முடிப்பதுதான்.

கட்டைகளை வைத்து நீருக்கடியில் ஒரு காட்டையே எழுப்பலாம் என்று உலகுக்குக் காட்டியவர் ஜப்பானின் தகாஷி அமானோ. நிலக்காட்சிப் புகைப்படக் கலைஞரான அவர் 1982இல் தன் நிறுவனத்தைத் தொடங்கி, இயற்கைத் தொட்டி என்ற பாணியை வளர்த்தெடுத்தார். 2015இல் அவர் மறைவதற்குச் சில மாதங்களுக்கு முன் லிஸ்பன் நகரக் கடல்வாழ் உயிரினக் காட்சியகத்தில் திறக்கப்பட்ட தொட்டி 40 மீட்டர் நீளம், 1,60,000 லிட்டர் கொள்ளளவு கொண்டது. அதற்கான மரங்கள் ஸ்காட்லாந்திலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வந்தன. அந்த ரசனை இன்று சென்னை கொளத்தூர் வரை வந்துவிட்டது. வண்ணமீன் கடைகள் வரிசைகட்டிய அந்தத் தெருக்களில் ‘டிரிஃப்ட் வுட்’ என்று கேட்டால் எடை போட்டுத் தருகிறார்கள். கடைக்காரர் ‘மொப்பானி’ என்று எடுத்துக் கொடுப்பது தென்னாப்பிரிக்கப் பகுதிகளின் வறண்ட காடுகளில் வளரும் மரம். ‘ஸ்பைடர் வுட்’ எனப்படுவது அசேலியா வகைச் செடியின் வேர். விலையைக் கேட்டுத் திகைத்துத் திரும்புகிற பலருக்கு, ஆற்றங்கரையில் சும்மா கிடக்கும் கட்டையை எடுத்துவந்தால் என்ன என்ற எண்ணம் எழுவது இயல்பு.

அந்த எண்ணத்துக்கு முதல் தடை சட்டம். ஒதுக்கப்பட்ட காட்டுக்குள்ளிருந்து அனுமதியின்றி ஒரு சுள்ளியைக்கூட எடுத்து வரக்கூடாது. தமிழ்நாட்டில் இதற்கென 1882ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. வெள்ளத்தில் அடித்து வரப்பட்டுக் கரை ஒதுங்கிய மரத்துக்கும், ஆற்றில் மூழ்கிக் கிடக்கும் மரத்துக்கும் வேறொருவர் உரிமையை நிரூபிக்கும்வரை அரசே உரிமையாளர் என்கிறது 1927ஆம் ஆண்டு இந்திய வனச் சட்டத்தின் 45ஆம் பிரிவு.

சட்டத்தைவிட வலுவான காரணம் ஆற்றிலேயே இருக்கிறது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஓடும் சட்டில்லா ஆற்றை ஆர்தர் பெங்கியும் அவருடைய குழுவினரும் ஆராய்ந்து 1985இல் முடிவுகளை வெளியிட்டார்கள். மணல் படுகை கொண்ட ஆறு அது. உயிர்கள் ஒட்டி வாழக்கூடிய மொத்தப் பரப்பில் மூழ்கிய மரங்களின் பங்கு மிகச் சொற்பம். ஆனால் ஆற்றிலிருந்த முதுகெலும்பற்ற உயிர்களின் எடையில் பாதிக்கும் மேல் அந்தச் சொற்பப் பரப்பில்தான் குடியிருந்தது. முக்கியமான மீன் இனங்களில் பாதி தங்கள் இரையில் குறைந்தது 60 சதவீதத்தை அந்தக் கட்டைகளிலிருந்து எடுத்துக்கொண்டன. அதே நாட்டின் பசிபிக் கரையோர ஓடைகளில் விழுந்து கிடந்த மரங்கள் மீன்களின் வழியை அடைப்பதாக எண்ணி, பல பத்தாண்டுகள் அவற்றை இழுத்து அகற்றினார்கள். மரங்கள் போனதும் ஆழமான மடுக்கள் தூர்ந்தன. சால்மன் குஞ்சுகளுக்கு ஒதுங்க நிழல் இல்லாமல் போயிற்று. இப்போது அதே ஓடைகளில் செலவழித்து மரங்களைக் கொண்டுவந்து போடுகிறார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் சிற்றோடை ஒன்றில் கிடக்கும் வளைந்த வேர்க்கட்டை எவ்வளவு அழகாக இருந்தாலும், அது அங்கேயே கிடக்க வேண்டும். தொட்டிக்கான கட்டையைத் தரையில் தேடுவதே சரி.

தரையில் தேடினால் கைக்கெட்டும் தூரத்திலேயே நல்ல மரங்கள் இருக்கின்றன. தோட்டத்தில் பட்டுப்போன கொய்யா அவற்றில் முதன்மையானது. அதன் கட்டை இறுக்கமானது, கிளைகள் தாமாகவே கோணல்மாணலாக வளர்பவை, பட்டையும் மெல்லிய ஏடாக உரிந்து வரும். புளியமரத்தின் வைரம் இன்னொன்று. தமிழ்நாட்டுக் கறிக்கடைகளில் நாளெல்லாம் கத்தி விழுந்தும் பிளக்காமல் தாங்கும் அடிமணை பெரும்பாலும் புளியங்கட்டைதான். சாலை விரிவாக்கத்துக்காகச் சாய்த்த மரத்தின் வேர்ப்பகுதி, விறகுக் கடையில் வெயிலில் காய்ந்து கிடக்கும் முண்டு என்று கேட்டு வாங்க வழிகள் உண்டு. கடற்கரையில் ஒதுங்கிய கட்டையைத் தொடாமல் விடலாம். உப்பு அதன் உள்ளறை வரை இறங்கியிருக்கும். மேலாகக் கழுவினால் போகாது.

எந்த மரம் என்று தெரியாத கட்டையை எடுக்கக் கூடாது. இதில் விட்டுக்கொடுக்க இடமே இல்லை. அரளியின் எல்லாப் பாகங்களிலும் இதயத்துடிப்பைக் குலைக்கும் நஞ்சு உண்டு. எருக்கு, கள்ளி, தில்லை ஆகியவற்றின் பால் தோலில் பட்டாலே புண்ணாக்கும். தில்லைப்பால் கண்ணையே கெடுக்கும். எட்டியில் இருப்பது ஸ்ட்ரிக்னின். காக்கைக்கொல்லிக் கொடியின் விதையை அரைத்துக் குட்டையில் கலக்கி மீன்களை மயங்க வைத்துப் பிடிப்பது நம் நாட்டின் பழைய வழக்கம். செடியின் நஞ்சு தண்ணீரில் கரைந்தால் மீனை என்ன செய்யும் என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. வேம்பையும் விலக்குவது நல்லது. அதிலுள்ள அசாடிராக்டின் பூச்சிகள் தோலுரித்து வளரும் செயலைக் குலைக்கிறது. அந்த நஞ்சு விதையில்தான் மிகுதி என்றாலும், தொட்டி இறாலும் ஓட்டைக் கழற்றி வளரும் உயிர் என்பதால் துணிந்து பார்க்க வேண்டியதில்லை. ஊட்டி, கொடைக்கானல் பக்கம் மலிவாகக் கிடைக்கும் பைன், சைப்ரஸ் கட்டைகளில் பிசின் ஊறியிருக்கும். அறுத்த இடத்தை மோந்து பார்த்தால் தெரிந்துவிடும்.

மரம் நல்லதாக இருந்தும் மனிதன் அதற்குள் நஞ்சை ஏற்றியிருக்கலாம். டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தில் 1933இல் சோண்டி காமேசன் என்ற இந்திய அறிவியலாளர் செம்பு, குரோமியம், ஆர்சனிக் மூன்றையும் சேர்த்து மரத்தைக் காக்கும் கரைசல் ஒன்றைக் கண்டுபிடித்தார். ‘ஆஸ்கு’ என்ற பெயரில் அது உலகமெங்கும் பரவி, மின்கம்பங்களையும் வேலிக் கால்களையும் கறையானிடமிருந்து காப்பாற்றியது. அந்தக் கரைசலில் இருக்கும் செம்பு இறாலுக்கும் நத்தைக்கும் மிகச் சிறிய அளவிலேயே எமன். பழைய ரயில் தண்டவாளக் கட்டைகளில் ஊறியிருக்கும் கிரியோசோட் எண்ணெயும் இதே ரகம். பச்சையோ கறுப்போ பூத்த பழைய கம்பம், பெயின்ட் அடித்த கதவுச் சட்டம், பசை வைத்து ஒட்டிய பிளைவுட் எதுவும் தொட்டிக்கு ஆகாது.

கட்டை வீடு வந்து சேர்ந்ததும் பட்டையை முழுதாக உரித்துவிட வேண்டும். பட்டைக்கு அடியில்தான் மரத்தின் உணவு ஓடிய திசு இருக்கிறது. பூச்சிகளின் முட்டையும் அங்கேதான். அடுத்து வெளிர்நிறச் சாற்றுக்கட்டை. மரம் உயிரோடிருந்தபோது அதன் செல்களில் மாவும் சர்க்கரையும் சேமிக்கப்பட்டிருந்தன. தண்ணீருக்குள் போனால் பாக்டீரியாவுக்கு அது விருந்து. சென்னைக் கோடையில் 28 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் ஏறக்குறைய 7.8 மில்லிகிராம் ஆக்சிஜனைத்தான் தாங்கும். சாறு வற்றாத பச்சைக் கட்டையைப் போட்டால் பெருகும் பாக்டீரியாக் கூட்டம் அந்தக் கொஞ்ச நஞ்சத்தையும் உறிஞ்சிவிட, விடியற்காலையில் மீன்கள் நீர்மட்டத்துக்கு வந்து வாயைப் பிளந்துகொண்டிருக்கும். உள்ளே இருக்கும் வைரக்கட்டையில் உயிருள்ள செல்கள் இல்லை, மாவும் இல்லை. அதனால்தான் நன்றாகக் காய்ந்து, சாற்றுக்கட்டை உதிர்ந்து, வைரம் மட்டும் எஞ்சிய முண்டுக்கு மதிப்பு. கட்டைவிரல் நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழக் கூடாது. தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். சொத்சொத்தென்று ஒலித்தால் உள்ளே உளுத்திருக்கிறது.

புதிதாக இறங்குகிறவர்களின் பொறுமையை அதிகம் சோதிப்பது மிதப்புதான். எந்த மரமானாலும் செல்சுவரின் அடர்த்தி ஏறக்குறைய 1.5, தண்ணீரைவிட ஒன்றரை மடங்கு கனம். மரத்தை மிதக்க வைப்பது அந்தச் சுவர்களுக்கு இடையே அடைபட்ட காற்று. செம்மரம், கருங்காலி, ஆச்சா ஆகியவற்றில் சுவர் தடித்து இடைவெளி குறுகியிருப்பதால் காய்ந்த வைரக்கட்டையே மூழ்கிவிடும். 0.65 அடர்த்தியுள்ள தேக்கில் பாதிக்கும் மேல் வெற்றிடம். அது மூழ்க வேண்டுமானால் அந்த வெற்றிடத்தில் ஏறக்குறைய ஐந்தில் மூன்று பங்காவது நீர் நிறைய வேண்டும். 0.8 அடர்த்தியுள்ள கட்டைக்குப் பாதிக்கும் குறைவாக நிறைந்தாலே போதும். கணக்கு எளிது, நீர் உள்ளே நுழைவதுதான் கடினம். சாற்றை மேலேற்றிய குழாய்கள் மரத்தின் நீளவாக்கில் ஓடுகின்றன. வைரம் பாயும்போது பல மரங்கள் அந்தக் குழாய்களைத் தாமே அடைத்துக்கொள்கின்றன. காற்று வெளியே வரவும் வழியில்லை, நீர் உள்ளே போகவும் வழியில்லை என்றால் கட்டை மாதக்கணக்கில் மிதக்கும்.

கொதிக்க வைப்பது இங்கேதான் கைகொடுக்கிறது. பெரிய பாத்திரத்தில் கட்டையை வைத்து, மேலே கல்லால் அமுக்கி, நிறைய நீரூற்றிச் சூடேற்றினால் சிறிது நேரத்தில் குமிழிகள் கிளம்பும். பக்கவாட்டில் அனேகமாக ஒன்றும் தெரியாது. அறுபட்ட இரண்டு முனைகளிலிருந்தும் நூல் பிடித்தாற்போல வரிசையாக வரும். சூட்டில் விரிந்த காற்று குழாய் வழியே வெளியேறுகிறது. கொதிநிலையை நெருங்கியதும் உள்ளே மிச்சமிருக்கும் இடத்தை நீராவி பிடித்துக்கொள்ளும். ஒரு மணி, இரண்டு மணி நேரம் கொதித்தபின் பலர் இடுக்கியால் கட்டையைச் சூடாக வெளியே எடுத்துவிடுகிறார்கள். பாதி உழைப்பு அங்கே வீணாகிறது. அடுப்பை அணைத்து, கட்டையை அதே நீரில் முழுக்க மூழ்கிய நிலையிலேயே ஆறவிட வேண்டும். ஆறும்போது நீராவி மீண்டும் நீராகச் சுருங்கும். உள்ளே அழுத்தம் குறையும். வெளிக்காற்றின் அழுத்தம் சுற்றியுள்ள நீரை அந்த அறைகளுக்குள் தள்ளும். சூடாக வெளியே எடுத்த கட்டைக்குள் நீருக்குப் பதில் காற்றே திரும்பப் புகுந்துவிடும். நீரை மாற்றி இரண்டு மூன்று முறை இப்படிச் செய்தால், முதல் நாள் தக்கையாக மிதந்த கொய்யாக் கிளை தலையைத் தாழ்த்தத் தொடங்கும். முனையைப் புதிதாக அறுத்துவிட்டால் இன்னும் விரைவு. கொதிநீர் பூச்சி, முட்டை, பெரும்பாலான நுண்ணுயிர் எல்லாவற்றையும் ஒழித்துவிடும் என்பது கூடுதல் ஆதாயம். ஆனால் நாள் முழுக்கக் கொதிக்க வைத்தால் ஹெமிசெல்லுலோஸ் சிதைந்து மேற்பரப்பு நார்நாராகிவிடும். சோப்பும் பினாயிலும் எக்காரணம் கொண்டும் கூடாது. மரம் அவற்றைக் குடித்து வைத்துக்கொண்டு பிறகு நிதானமாகக் கக்கும்.

பாத்திரத்தில் அடங்காத கட்டைக்குப் பிளாஸ்டிக் டிரம்மில் ஊறல்தான் வழி. சில வாரங்கள் ஆகலாம், சில மாதங்களும் ஆகலாம். மாடியில் திறந்து வைத்த டிரம் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குத் தொட்டில் கட்டிக் கொடுத்தாற்போல. அதன் முட்டை கொசுவாகப் பறக்க நம் வெயிலில் ஒரு வாரம் முதல் பத்து நாளே போதும். வாரத்துக்கு இரண்டு முறை நீரை மாற்றி, வாயை வலையால் கட்டிவைத்தால் கொசுத் தொல்லையும் இராது, சாயமும் விரைவில் இறங்கும். பொறுமை இல்லாதவர்கள் கட்டையை ஒரு பலகைக்கல்லில் திருகி அமிழ்த்திவிடுவார்கள். அதற்குத் துருப்பிடிக்காத எஃகுத் திருகு வேண்டும். சாதாரண இரும்பாணி அடித்த இடம் கன்னங்கரேலென்று மாறும். கட்டையின் டானினும் இரும்பும் சேர்ந்தால் உண்டாகும் கறுப்பு அது. கலம்காரி ஓவியர்கள் கடுக்காயில் தோய்த்த துணிமேல் இரும்புக் கரைசலால் கோடிழுத்துக் கறுப்பு நிறம் பெறுவது இதே வேதியியலால்தான்.

டானின்தான் தொட்டி நீரை வெளிர்பழுப்பாக்குவதும். ஆவாரம்பட்டையிலிருந்து எடுத்துத் தோல் பதனிடப் பயன்பட்ட அதே குடும்பத்துப் பொருள். பூச்சியும் காளானும் தின்னாமலிருக்க மரம் தன் வைரத்துக்குள் சேர்த்துவைக்கும் காப்பு அது. கண்ணாடிபோல் தெளிந்த நீர் வேண்டும் என்பவர்கள் இதைக் குறையாகப் பார்த்து, ஆக்டிவேட்டட் கார்பனைப் போட்டு நிறத்தை எடுத்துவிடுகிறார்கள். அதில் தவறில்லை, ஆனால் அவசியமுமில்லை. அமேசானின் நதிகளை வெண்ணீர், தெளிநீர், கருநீர் என்று பிரித்துக் காட்டிய ஜெர்மானிய அறிஞர் ஹரால்ட் சியோலியின் பகுப்பில் கருநீருக்குப் பேர்போனது ரியோ நீக்ரோ. அதன் பி.எச். 4 முதல் 5 வரை. உப்புகள் ஏறக்குறைய இல்லை. கார்டினல் டெட்ரா மீனின் தாயகம் அதுதான். அவ்வளவு அமில நீரில் சாதாரணமாக மீனின் உடலிலிருந்து சோடியம் செவுள் வழியே கசிந்து, மீன் செத்துப்போகும். அங்கே கரைந்திருக்கும் பழுப்பு நிறக் கரிமப் பொருள்கள் அந்தக் கசிவைக் குறைக்கின்றன என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

இதைப் படித்துவிட்டுக் கட்டை போட்டால் பி.எச். தானாக இறங்கிவிடும் என்று நம்பக் கூடாது. சென்னையின் ஆழ்துளைக் கிணற்று நீரில் பைகார்பனேட் நிறைந்திருக்கும். கட்டை விடும் சிறிதளவு அமிலத்தை அது அப்போதைக்கப்போது ஈடுகட்டிவிடும். நீர் பழுப்பாகும், பி.எச். அசையாது. மழைநீர் பிடித்துக் கலந்தால்தான் மாற்றம் தெரியும். அப்போது அளந்து பார்த்துக்கொண்டே கலக்க வேண்டும்.

எல்லாம் சரியாகச் செய்து தொட்டியில் வைத்தபின் முதல் வாரத்திலேயே பலரைப் பதற வைக்கும் ஒன்று நடக்கும். கட்டை முழுவதும் வெள்ளையாக, வழவழப்பாக ஒரு படலம் படரும். மேற்பரப்பில் எஞ்சிய சர்க்கரையைத் தின்று வளரும் பாக்டீரியா, காளான் கூட்டம் அது, மீனுக்குத் தீங்கில்லை. செர்ரி இறால்களும் நத்தைகளும் அதன்மேல் அமர்ந்து இரவு பகலாக மேய்ந்துகொண்டிருக்கும். சர்க்கரை தீர்ந்ததும் சில வாரங்களில் அது தானாகவே மறையும். துடைத்தே ஆக வேண்டும் என்பவர்களுக்குப் பழைய பல் துலக்கும் பிரஷ் போதும். படலம் அடங்கிய பிறகு அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், பாசி ஆகியவற்றைப் பருத்தி நூலால் கட்டிவிடலாம். நூல் மட்கி அறுவதற்குள் வேர் கட்டையைப் பற்றிக்கொள்ளும். கட்டையின் அடிப்பாகத்தை மட்டும் மணலுக்குள் ஆழமாகப் புதைக்கக் கூடாது. ஆக்சிஜன் எட்டாத அந்த இடத்தில் எஞ்சிய சாற்றுக்கட்டை கறுத்து அழுகி, அழுகிய முட்டை நாற்றம் எடுக்கும்.

கட்டையை வெறுமனே மேயாமல் அரித்தே தின்கிற மீனும் உண்டு. தென்னமெரிக்காவின் பனாக்கே கெளுத்தி கரண்டி வடிவப் பற்களால் மரத்தைச் சுரண்டி விழுங்குகிறது. கறையானைப் போல அதன் குடலிலும் செல்லுலோஸைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் இருக்க வேண்டும் என்றுதான் நெடுநாள் கருதப்பட்டது. டோனோவன் ஜெர்மன் என்ற உயிரியலாளர் 2009இல் வெளியிட்ட ஆய்வு அதை மறுத்தது. விழுங்கிய மரத்தூள் சில மணி நேரத்திலேயே குடலைக் கடந்துவிடுகிறது. செல்லுலோஸ் செரிக்க அவ்வளவு நேரம் போதாது. மரத்தோடு சேர்த்து விழுங்கிய நுண்ணுயிர்களும், அவை ஏற்கெனவே பாதி சிதைத்து வைத்த பொருள்களுமே மீனுக்கு உணவு. அதாவது இந்த மீனுக்கு வேண்டியது ஊறி, நுண்ணுயிர் ஏறிய பழங்கட்டை; கடையிலிருந்து நேற்று வந்த உலர்ந்த துண்டால் பயனில்லை. அதை வளர்ப்பவர்கள் ஊறிய துண்டு ஒன்றை எப்போதும் தனி வாளியில் தயாராக வைத்திருப்பது நல்லது. தின்ற மரத்தில் பெரும்பங்கு தூளாகவே வெளியே வந்து தரையில் குவியும் என்பதால், ஃபில்டர் பஞ்சையும் வாரந்தோறும் கழுவ வேண்டியிருக்கும்.